ஃபைபர் பாடியைப் பெயிண்டுக்கு முன் வெயிலுக்குக் காட்டுங்கள்

தகரக் காரில் பெயிண்ட் வேலை பழகியவர்களுக்கு ஃபைபர் கார், அதாவது இழையையும் ரெசின் என்ற பிசினையும் சேர்த்துச் செய்த பாடி உள்ள கார், முதலில் சுலபமாகத்தான் தோன்றும். துரு இல்லை, நெளிவு எடுக்க வேண்டியதில்லை, சுத்தியலே வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தகரத்தின் நோய் கண்ணுக்குத் தெரியும், சுரண்டினால் போய்விடும். ஃபைபரோ பழைய மெழுகு, ஈரம், தின்னர், காற்றுக் குமிழ் என்று எல்லாவற்றையும் தோலுக்கு அடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும். புதுப் பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டு, நண்பர்களிடம் காட்டி முடித்த பிறகு ஒரு மதியம் வெயிலில் நிற்கும்போது ஒவ்வொன்றாக மேலே வரும்.

கோலாலம்பூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. திறந்தவெளியில் நிற்கும் கருப்புக் காரின் மேல்பகுதி நண்பகலில் 70 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். அந்தச் சூடு பின்னால் வெளியே இழுக்கப்போவதை, பெயிண்டுக்கு முன்னால் நாமே வெளியே இழுத்துவிட வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

இந்த ஊரில் ஃபைபர் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது லோட்டஸ். 1996-இல் மலேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் அந்த இங்கிலாந்து நிறுவனத்தை வாங்கியது. 2017-இல் பெரும்பங்கு சீனாவின் ஜீலியிடம் கைமாறும்வரை அது மலேசியர் கையில்தான் இருந்தது. அதே 1996-இல் விற்பனைக்கு வந்த எலிஸ், அலுமினியச் சட்டகத்தின் மேல் ஃபைபர் பேனல்களைப் போர்த்திய கார். முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டு, பின்பக்கமும் அப்படியே. லோட்டஸ்காரர்கள் இந்தத் துண்டைக் 'கிளாம்' என்பார்கள். கெப்போங்கில் கையாலேயே உருவாகும் புஃபோரி கார்களின் உடலும் கலப்புப் பொருள்தான், கார்பன் ஃபைபரும் கெவ்லரும் சேர்ந்தது. இவை போக மைவி, சத்ரியா மாதிரி உள்ளூர்க் கார்களுக்கு நம் பையன்கள் மாட்டும் பாடிகிட், ஃபைபர் பானெட் எல்லாம் இதே குடும்பம். வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறவர் லோட்டஸில் ஆரம்பிக்க வேண்டாம். யாராவது கழற்றிப் போட்ட பாடிகிட் துண்டு ஒன்றைச் சில வெள்ளிக்கு வாங்கி, அதில் கை பழகுங்கள்.

ஒரு எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழற்றுவது, கழுவுவது, தேய்ப்பது, விரிசல் அடைப்பது, பட்டி பார்ப்பது எல்லாம் தாமான் (குடியிருப்பு) வீட்டுப் போர்ச்சில் செய்யலாம். ஸ்ப்ரே கன் எடுக்கும் வேலை பட்டறையில்தான். டூ-கே (இரண்டு திரவம் கலக்கும்) பிரைமரிலும் கடைசியில் அடிக்கும் கிளியரிலும் கலக்கும் ஹார்ட்னரில், அதாவது கெட்டியாக்கும் திரவத்தில், ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுத்து நிரந்தர ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். வாசனையை வைத்து அது உள்ளே போகிறதா என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால்தான் முறையான பெயிண்டர்கள் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி போடுகிறார்கள். செகாம்புட், சான் சோவ் லின் பக்கம் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஃபைபர் செய்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "என்ன பாஸ் பெரிய ஃபைபரு, பட்டி போட்டு அடிச்சா முடிஞ்சது" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்கள்.

பேனல் எதனால் ஆனது?

காந்தம் ஒட்டாது என்பது மட்டும் போதாது, அலுமினியத்திலும் ஒட்டாது. பேனலின் பின்பக்கத்தைப் பாருங்கள். வைக்கோலை வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டதுபோல இழைகள் தெரிந்தால் அது கையால் ரெசின் பூசிச் செய்த கண்ணாடி இழை. இதில் வெளிப்பக்கம் ஜெல்கோட் என்ற ரெசின் தோல் இருக்கும், தடிமன் அரை மில்லிமீட்டர் அளவே. பின்பக்கமும் வழவழப்பாக, ஒரே சீராக, சாம்பல் அல்லது கருப்பு நிறத்தில் இருந்தால் சூடான அச்சில் அழுத்திச் செய்த எஸ்எம்சி வகையாக இருக்கலாம். அதற்கு ஜெல்கோட் கிடையாது. கார்பன் ஃபைபரைத் தேய்த்தால் கருப்புத் தூசி வரும், கண்ணாடி இழை வெள்ளைத் தூசி தரும். கையால் அமுக்கினால் வளைந்து திரும்பும் பம்பர் இதில் எதிலும் சேராது. அது பாலியூரித்தேன் அல்லது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். அதற்கு நெகிழ்வுச் சேர்மானம், பிளாஸ்டிக் பிரைமர் என்று தனிப் பாதை உண்டு. ஃபைபருக்கு அந்த இரண்டும் தேவையில்லை.

இந்த வேறுபாடு பழுதுபார்க்கும்போது பெரிதாகிவிடும். கையால் செய்த கண்ணாடி இழைப் பேனலில் பாலியஸ்டர் ரெசின் நன்றாகப் பிடிக்கும். எஸ்எம்சி செய்யும்போதே அச்சிலிருந்து கழன்று வருவதற்கான மெழுகுப் பொருள் கலவைக்குள் சேர்ந்துவிடுகிறது. அதன்மேல் பாலியஸ்டர் ஒட்டியதுபோல் நடித்துவிட்டு ஒரு நாள் கழன்றுவிடும். எஸ்எம்சிக்கும் கார்பனுக்கும் எப்பாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின்தான்.

கழற்றுவதும் கழுவுவதும்

விளக்கு, பேட்ஜ், ரப்பர், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். டேப் சுற்றிச் சமாளித்தால் அந்த ஓரத்தில்தான் முதலில் பெயிண்ட் உரியும். போல்ட்டுகளைப் பை பையாகப் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஃபைபருக்குள் பதித்து ஒட்டிய உலோக நட்டுகள் பழைய காரில் துருப்பிடித்திருக்கும். பலமாகத் திருகினால் போல்ட் கழலாது, நட்டு ஃபைபரைப் பெயர்த்துக்கொண்டு சேர்ந்து சுற்றும். துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டாக விட்டு ஒரு நாள் காத்திருங்கள். ஸ்ப்ரேயாக அடிக்காதீர்கள், சிலிக்கோன் கலந்ததைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். பெயிண்ட் இல்லாத ஃபைபர் எண்ணெயைக் குடித்துவிட்டால் பெயிண்டர் கன் பிடிக்கும்போது அந்த இடத்தில் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகி நிற்கும்.

கிளாம் மாதிரி பெரிய துண்டைக் கழற்றினால் அதற்கு ஏற்ற தாங்கி கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிறுத்தி வெயிலில் விட்டால் நடுவில் தொய்ந்துவிடும். திரும்ப மாட்டும்போது கதவு இடைவெளி பொருந்தாது.

அப்புறம் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் போதும். காய்ந்ததும் மெழுகு, கிரீஸ் நீக்கும் திரவம் நனைத்த துணியால் ஒரு தடவை, திரவம் ஆவியாகும் முன் சுத்தமான இன்னொரு துணியால் ஒரு தடவை. ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. இதை உப்புத்தாள் எடுப்பதற்கு முன்னால் செய்வதுதான் முக்கியம். வருடக்கணக்கில் போட்ட பாலிஷும் சிலிக்கோனும் மேலே இருக்கும்போது தேய்த்தால், தாளின் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் அதை நாமே திணித்துவிடுகிறோம். அச்சிலிருந்து வந்த புதுப் பாடிகிட் வாங்கினாலும் இதே கதைதான், அதன் மேல் அச்சு மெழுகு இருக்கும்.

பழைய பெயிண்டை எவ்வளவு எடுக்க வேண்டும்?

எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்பது ஒரு மூடநம்பிக்கை. பழைய பெயிண்ட் உறுதியாகப் பிடித்திருந்து, விரிசலும் கொப்புளமும் இல்லாமல் இருந்தால், அதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. 400 எண் உப்புத்தாளால் (எண் கூடினால் தாள் மென்மை) பளபளப்பைக் கொன்றுவிட்டு மேலே போகலாம். நான் பார்த்தவரை ஜெல்கோட் வரை தேவையில்லாமல் இறங்கியதால் கெட்ட வேலைகள்தான் அதிகம். பலமுறை அடித்த பெயிண்ட் தடித்துப் போயிருந்தாலோ, பாளம் பாளமாக வெடித்திருந்தாலோ, அடியில் யாரோ செய்த சந்தேகமான பட்டி வேலை தெரிந்தாலோ இறங்கத்தான் வேண்டும். பெயிண்ட் தடிமன் அளக்கும் சாதாரணக் கருவி உலோகத்தின்மேல்தான் வேலை செய்யும். ஃபைபரில் அது எதுவும் காட்டாது, அல்ட்ராசவுண்ட் வகை வேண்டும். அது கிடைக்காவிட்டால் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சிறு வட்டத்தைத் தேய்த்துப் பாருங்கள். அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். எத்தனை முறை அடித்திருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம்.

ஹார்ட்வேர் கடையில் விற்கும் பெயிண்ட் நீக்கும் கெமிக்கலை ஃபைபரில் போடவே கூடாது. பெயிண்டைக் கரைக்கும் அந்தத் திரவம் ரெசினையும் தாக்கும். அதைவிட மோசம், ஒரு பகுதி ஜெல்கோட்டுக்குள் ஊறி நின்றுவிடும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. புதுப் பெயிண்டுக்கு அடியிலிருந்து சூட்டில் ஆவியாகி மேலே தள்ளும். மணல் பீய்ச்சும் முறையும் வேண்டாம், ஜெல்கோட்டைப் பொத்தல் போட்டு அடியில் இருக்கும் இழையைத் திறந்துவிடும். ஹீட் கன்னும் வேண்டாம்.

மிச்சம் இருப்பது கையும் தாளும் பொறுமையும்தான். தளர்ந்த பெயிண்டை அகலமான பிளேடால், படுக்கவைத்த கோணத்தில் சுரண்டி எடுக்கலாம். பெரிய பரப்புக்குச் சுற்றும் சாண்டரில் 120 அல்லது 180 எண் தாள். பழைய பிரைமர் தெரிய ஆரம்பித்ததும் சாண்டரை வைத்துவிட்டு, 240 தாளைப் பிளாக்கில் (தட்டையான கட்டையில்) சுற்றிக் கையால் தேய்க்கவும். அவசரப்பட்டு 80 எண் எடுத்தால் அது போடும் ஆழக் கீறல்கள் புதுப் பெயிண்டின் தின்னரில் ஊறிப் பருத்து, சில வாரம் கழித்துக் கோடு கோடாகத் தெரியும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் ஜெல்கோட் மிக மெல்லியது, ஓர் இழுப்பில் இழை தெரிந்துவிடும். அந்த ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்துவிட்டு, நடுப்பகுதி முடிந்த பிறகு டேப்பை எடுத்து நுனியை விரலால் மெதுவாகத் தேயுங்கள்.

எல்லாம் உலர்ந்த தேய்ப்பாகவே இருக்கட்டும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது என்பது உண்மைதான். ஆனால் எங்காவது இழை திறந்திருந்தால் அது திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தூசிக்கு வேறு வழி பாருங்கள்: வேக்குவம் இணைத்த சாண்டர், தூசி வடிகட்டும் நல்ல முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் டேப். கண்ணாடி இழைத் தூசி தோலில் ஏறினால் அன்று இரவு தூக்கம் இருக்காது. வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், சுடுநீர் பட்டால் அரிப்பு கூடும். அந்த உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். இன்னொன்று, பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டிருக்கும் நேரத்தில் சாண்டரைப் போட்டால் தாமான் முழுக்க உங்கள் பெயர் போய்விடும்.

விரிசலைப் படியுங்கள்

பெயிண்ட் போன பிறகு ஒரு பகல் முழுக்கப் பேனலைச் சும்மா பாருங்கள். சாய்ந்த வெளிச்சம் வேண்டும், காலையோ மாலையோ. விரிசல்களில் பல வகை உண்டு. ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைச் சொல்கிறது.

ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போலக் கிளை விட்டிருந்தால் அந்த இடத்தில் அடி பட்டிருக்கிறது, பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து. சக்கரம் வீசிய கல், கவனமில்லாமல் வைத்த ஜாக், சாய்ந்த முழங்கை. போல்ட் துளையைச் சுற்றி வட்டமாக இருந்தால் யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். மூலையிலிருந்து இணைகோடுகளாக ஓடினால் பேனல் சட்டகத்தோடு சரியாகப் பொருந்தாமல் வளைந்து நிற்கிறது. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு அழகாக அடைத்தாலும் விரிசல் திரும்ப வரும். பெயிண்ட் முழுக்க மெல்லிய வலைபோல இருந்து, தேய்த்ததும் அடியில் ஜெல்கோட் சுத்தமாக இருந்தால் அது வெறும் பெயிண்ட் வயசாகிப்போனது. கவலை வேண்டாம்.

விரிசல்மேல் பட்டியை இழுத்து மூடுவதுதான் இந்த ஊரில் அதிகம் நடக்கும் தவறு. பட்டி விரிசலுக்குள் இறங்காது, மேலே பாலம் போட்டு நிற்கும். சூட்டில் பேனல் விரியும்போது பாலம் உடையும். விரிசலின் ஒவ்வொரு கிளையையும் சிறு கிரைண்டர் முனையால் 'வி' வடிவப் பள்ளமாகத் திறக்க வேண்டும், விரிசல் கண்ணுக்கு மறையும் ஆழம் வரை. பள்ளம் ஜெல்கோட்டுக்குள்ளேயே முடிந்தால் எப்பாக்ஸியோ ஜெல்கோட்டோ நிரப்பினால் போதும். ஆனால் பள்ளத்தின் அடியில் இழை வெண்மையாகத் தெரிந்தால், அல்லது அமுக்கும்போது அந்த இடம் மட்டும் மெத்தென்று கொடுத்தால், அடுக்கே உடைந்திருக்கிறது. அதற்குப் பின்பக்கத்தில் இழை வைத்துக் கட்ட வேண்டும்.

அப்படிக் கட்டும்போது ஓரத்தைச் சரிவாகத் தேயுங்கள். தடிமனைப்போல பன்னிரண்டு மடங்கு நீளம் சரிவு இருக்க வேண்டும் என்பது கணக்கு. 3 மில்லிமீட்டர் பேனலுக்கு 36 மில்லிமீட்டர். புது இழை பழைய இழையோடு பரந்த இடத்தில் ஒட்டினால்தான் பலம் வரும். பாலியஸ்டருக்கு வெட்டு இழைப் பாய் பயன்படுத்தலாம். எப்பாக்ஸிக்கு நெய்த துணி வாங்குங்கள், ஏனென்றால் சாதாரணப் பாயில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். வரிசையையும் மறக்க வேண்டாம்: பாலியஸ்டர்மேல் எப்பாக்ஸி பிடிக்கும், எப்பாக்ஸிமேல் பாலியஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது.

பாலியஸ்டர் ரெசினைக் கெட்டியாக்கும் திரவம் எம்இகேபி. அளவு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை. நம் 32 டிகிரிச் சூட்டுக்கு ஒன்றை ஒட்டியே வையுங்கள். அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் கடைசிவரை முழுதாக இறுகாது, அதுவே பின்னால் தொல்லை. நிதானமாக வேலை செய்ய நேரம் வேண்டுமானால் திரவத்தைக் குறைக்காமல் காலை ஏழு மணிக்கே ஆரம்பியுங்கள். சிறு சிறு அளவாகத் தட்டையான தட்டில் கலக்குங்கள். குவளையில் மொத்தமாகக் கலந்தால் அதன் சொந்தச் சூட்டிலேயே கொதித்துப் புகையும். எம்இகேபி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாக வாங்கியிருந்தால் அதையும் எம்இகேபியையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

எப்பாக்ஸிக்கு நம் காற்றில் வேறு ஒரு பழக்கம் உண்டு. ஈரக்காற்றில் இறுகும்போது மேலே மெழுகு மாதிரி வழுவழுப்பான படலம் விடும். உடனே தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், படலமும் உள்ளே போகும். முதலில் தண்ணீரும் பச்சை நார்த் துண்டும் வைத்துக் கழுவி, காயவிட்டு, பிறகு தேயுங்கள். முன்னால் உலர்ந்த தேய்ப்புதான் என்று சொன்னதற்கு இது மட்டும் விலக்கு. அங்கே இழை எதுவும் திறந்திருக்காது.

ஈரம்

கோலாலம்பூரின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். பல ஆண்டுகள் மழையில் நின்ற காரின் திறந்த விரிசல்களிலும், பெயிண்டே பார்க்காத பின்பக்கத்திலும் தண்ணீர் ஏறியிருக்கும். அடைத்துவிட்டால் வெயிலில் அப்பளம் மாதிரி கொப்புளம் எழும். ஆகவே விரிசல் அடைக்கும் முன்னும், பிரைமருக்கு முன்னும் பேனல் காய வேண்டும்.

சந்தேகமான இடத்தின்மேல் தெளிவான பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். மறுநாள் மதியம் பாருங்கள். உள்பக்கம் பனித்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கூரைக்கு அடியில், மின்விசிறிக் காற்றில், பின்பக்கமும் காற்று படும்படி தூக்கி நிறுத்தி விடுங்கள். விளக்குச் சூடு வைத்தால் 50 டிகிரிக்குள் இருக்கட்டும். ஏர்கோன் அறை கிடைத்தால் அதுவே சிறந்தது, அது காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும். எத்தனை நாள் என்று சொல்ல முடியாது, பிளாஸ்டிக் தாள்தான் சொல்லும்.

வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் சமயம், அக்டோபர், நவம்பரில் அடிக்கடி மாலையில் கொட்டும். அந்த மாதங்களில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. ஜூன், ஜூலை ஓரளவு தோது.

பட்டியும் பிளாக்கும்

ஜெல்கோட் திறந்திருக்கும் பரப்பு முழுவதும் முதலில் மெல்லிய எப்பாக்ஸி பிரைமர் ஒரு கோட் அடித்து மூடிவிடுவது என் வழக்கம். இதற்குப் பேனலைப் பட்டறைக்கு ஒரு நடை கொண்டுபோக வேண்டும், பரவாயில்லை. தகரத்துக்கு அடிக்கும் அமில பிரைமர் இங்கே வேலைக்கு ஆகாது, அது கடித்துப் பிடிக்க உலோகம் வேண்டும். எப்பாக்ஸி இறுகிய பிறகு 180 எண்ணில் தேய்த்து அதன்மேல் பட்டி.

ஜெல்கோட்டில் ஊசிமுனை அளவு துளைகள் இருக்கும். அச்சில் மாட்டிய காற்றுக் குமிழ்கள் இவை, தேய்க்கும்போது வாய் திறக்கும். பிரைமர் அவற்றை நிரப்பும் என்று நம்பாதீர்கள். பிரைமர் வாயை மட்டும் மூடும், சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியை ஊதித் தள்ளும். காற்றுக் குழாயால் தூசியை ஊதுங்கள், ஊசியால் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள், ஹார்ட்னர் கலந்த மெல்லிய பட்டியைத் தகட்டால் அழுத்தி இரண்டு திசையில் இழுங்கள். குழாயில் வரும் ஹார்ட்னர் இல்லாத சிவப்புப் பட்டி வேண்டாம். அது காய்ந்தபின் சுருங்கும், தின்னர் பட்டால் மறுபடி இளகும்.

ஃபைபர் பேனல் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே லேசாக அலையடிக்கும். அதை நேராக்குவது நீண்ட பிளாக் ஒன்றுதான், விரல் அல்ல. கருப்புப் பொடியையோ மெல்லிய கருப்பு ஸ்ப்ரேயையோ தூவிவிட்டு, பிளாக்கைக் குறுக்காக, பின் எதிர்க்குறுக்காக இழுங்கள். கருப்பு மிச்சமிருக்கும் இடம் பள்ளம், முதலில் வெளுக்கும் இடம் மேடு. மேட்டைத் தேய்த்துக் குறைக்கும் ஆசையை அடக்குங்கள், அரை மில்லிமீட்டர் ஜெல்கோட் தாங்காது. பள்ளத்தை நிரப்புவதே வழி. கண்ணைவிட உள்ளங்கைக்கு அதிகம் தெரியும். மெல்லிய பருத்திக் கையுறை போட்டுத் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

பிரைமர், அப்புறம் வெயில்

பட்டறையில் கட்டிப் பிரைமர், அதாவது தடிமனாகப் படியும் பிரைமர், இரண்டு மூன்று கோட் அடிக்கச் சொல்லுங்கள். நம் சூட்டுக்கு நிதானமாக ஆவியாகும் தின்னர் கேட்டு வாங்குங்கள். வேகத் தின்னர் போட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து அடியில் தின்னர் சிக்கிக்கொள்ளும். கம்ப்ரெசர் காற்றில் வரும் தண்ணீரை வடிகட்டி எடுக்கிறதா, தொட்டியை தினமும் காலி செய்கிறார்களா என்று பாருங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பிரைமர் அடித்த பேனலை வீட்டுக்குக் கொண்டுவந்து தினமும் வெயிலில் வையுங்கள், இரண்டு வாரமாவது. பேனலைப் பல இடத்தில் தாங்கி, காலையில் வெளியே, மழை மேகம் கூடும் முன் உள்ளே. பிரைமர் நுண்துளை உள்ளது, நனைந்தால் தண்ணீர் குடிக்கும். பல பட்டறைகள் செய்யாதது இந்தப் படிதான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, இடமும் நேரமும் காசு. ஆனால் ஃபைபருக்கு இதுதான் உயிர். அறை வெப்பத்தில் இறுகிய பாலியஸ்டர் ரெசின் முழுதாக இறுகி முடிந்ததல்ல. வெயில் சூட்டில் இன்னும் கொஞ்சம் இறுகும், சுருங்கும். அடியில் இருக்கும் இழையின் அச்சு அப்போது மேலே தெரியும். புதிதாகக் கட்டிய இடத்தின் ஓரம் கோடாக விழும். மூடாமல் விட்ட குமிழ் ஊதும். இரண்டு வாரத்தில் இவற்றில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். வந்ததை அடைத்து, கருப்புப் பொடி தூவி, 320, 400, கடைசியாக 500 அல்லது 600 எண் தாளால் பிளாக் பிடித்து முடியுங்கள். எங்காவது தேய்ந்து ஜெல்கோட் தெரிந்தால் அந்த இடத்துக்கு மறுபடி எப்பாக்ஸி.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கருப்பும் ஆழ்ந்த நீலமும் ஃபைபரில் அழகுதான், ஆனால் வெயிலை அதிகம் குடித்து, இழை அச்சையும் அலையையும் அதிகம் காட்டும். காரைத் தினமும் திறந்தவெளியில் நிறுத்துகிறவர் வெள்ளையோ மஞ்சளோ வெள்ளியோ எடுத்தால் நிம்மதி.

பெயிண்டரிடம் ஒப்படைக்கும் நாள்

தேய்த்த ஃபைபரில் நிலைமின்சாரம் ஏறும். தகரத்தைப்போல அதை எர்த் செய்து இறக்க முடியாது, காற்றில் இருக்கும் தூசியை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். கடைசித் துடைப்புக்கு நிலைமின்சாரம் போக்கும் துடைப்பான் கேளுங்கள். காய்ந்த துணியால் வேகமாகத் தேய்த்தால் மின்சாரம் இன்னும் ஏறும், மெதுவாக ஒரே திசையில் இழுங்கள். வெறும் கையால் பேனலைத் தொடாதீர்கள்.

அன்றைய வானிலையையும் பாருங்கள். 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும் வெப்பம், ஏறக்குறைய 26 டிகிரி. பேனல் அதைவிட 3 டிகிரியாவது கூடுதல் சூட்டில், அதாவது 29-க்கு மேல், இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியாது. ஏர்கோன் அறையில் இரவு முழுக்கக் குளிர்ந்த பேனலை நேராகப் பெயிண்ட் அடிக்கும் அறைக்குக் கொண்டுபோனால் அதன்மேல் வியர்த்துவிடும். முதலில் வெளிக்காற்றில் இரண்டு மணி நேரம் வையுங்கள்.

பெயிண்டரிடம் வாயால் சொன்னால் மறந்துவிடுவார், பேனலின் பின்பக்கம் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்: ஃபைபர், பெயிண்ட் காயவைக்கும் அடுப்பு 60 டிகிரிக்கு மேல் வேண்டாம், சூட்டை மெதுவாக ஏற்றவும், பல இடத்தில் தாங்கவும். தகரக் காரோடு சேர்த்து ஒரே அடுப்பில் விடுவது நேரம் மிச்சப்படுத்தும் பழக்கம், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மிஞ்சிய தின்னரையும் ரெசினையும் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். பட்டறைகள் அவற்றை அட்டவணையிட்ட அபாயக் கழிவாக முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்பது 2005 முதல் உள்ள விதி, உங்களுடையதையும் அவர்களிடமே கொடுத்துவிடலாம். மிஞ்சிய ரெசினை ஹார்ட்னர் கலந்து கல்லாக்கிவிட்டால் கையாள்வது சுலபம்.

காரின் நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவிலும் மாற்ற வேண்டும். கிராண்டில் (வாகனப் பதிவு ஆவணத்தில்) சிவப்பு என்று இருக்க, சாலையில் மஞ்சளாக ஓடினால் தடுப்புச் சோதனையில் மாட்டுவீர்கள். காப்புறுதியிலும் கேள்வி வரும். பட்டறை ரசீதை வாங்கி பத்திரமாக வையுங்கள். பெயிண்டுக்கு நாள் குறிக்கும் முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் என்னென்ன பாரம், என்ன பரிசோதனை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.